ஸ்டாப் வாட்ச்சும் ஒரு முழம் கனகாம்பரமும்

போன மாசம் ஒரு போன் வந்துச்சு. நான் இருபது வருஷம் குப்பை கொட்டுன அதே ஓசூர் கம்பெனி, அதே டிபார்ட்மென்ட்டு, இப்ப அங்க இருக்கற இன்ஜினியர் ஒருத்தர் பேசுனாரு. "சார், இப்பல்லாம் மெஷின் மேல கேமரா வெச்சுடறோம். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் குடுத்துடுது. நீங்கள்லாம் வெறும் கண்ணால பாத்தே, இவன் வேகமா செய்யறான், இவன் மெதுவா செய்யறான்னு எழுதுவீங்களாமே. எப்பவாவது தப்பா எழுதியிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு.

ஒரே ஒரு தடவை எழுதுனது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியலைப்பா, அதை வேணா சொல்றேன்னேன். அவர் அதுக்குள்ள "மீட்டிங் இருக்கு சார்"னு வெச்சுட்டாரு. சரி, கேக்கறவங்க கேக்கட்டும்னு எழுத உக்காந்துட்டேன்.

முதல்ல என் பொழப்பு என்னன்னு சொல்லிடறேன். வொர்க் ஸ்டடி. ஒரு தொழிலாளி ஒரு பீஸ் போட எவ்வளவு நேரம் ஆவுதுன்னு வாட்ச் வெச்சு அளந்து, ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை பீஸ் போடணும்னு எழுதிக் குடுக்கற வேலை. அந்த 'இத்தனை'க்குப் பேரு நார்ம். நார்மை ஏத்துறவனை எவனுக்காவது புடிக்குமா? நான் ஷாப்புக்குள்ள காலெடுத்து வெச்சா, "கடியாரம் வருதுடோய்"னு ஒரு கொரல் முன்னாடியே ஓடும். கேன்டீன்ல என் மேசையில உப்பு டப்பா எடுக்கக்கூட எவனும் வரமாட்டான். கல்யாணம் ஆன புதுசுல சரோஜா, "ஏங்க, உங்க கம்பெனிக்காரங்க யாருமே நம்ம வூட்டுக்கு வர்றதில்லையே"ன்னு கேட்டா.

ட்ரெய்னிங் மூணு மாசம். அதுல பாதி நாள் சீட்டாட்டம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு கட்டு சீட்டை நாலு பங்கா அரை நிமிஷத்துல போட்டா, அதுதான் மனுஷனோட சாதாரண வேகம். அதுக்கு மார்க் நூறு. அதைவிட மெதுவா போட்டா எண்பது, வேகமா போட்டா நூத்தி இருபது. இதைப் பாத்துப் பாத்துக் கண்ணுக்குப் பழக்கிட்டு, அப்பறம் மெஷின்ல நிக்கறவன் கையைப் பாத்து மார்க் போடணும். வாட்ச்சுல எவ்வளவு நேரம் காட்டுதோ அதோட இந்த மார்க்கையும் சேத்துத்தான் நார்ம்: நூறு போட்டா அவன் இப்ப போற வேகமே நார்ம், எண்பது போட்டா நார்ம் அதுக்கு மேல ஏறும். ஏன்னா, வாட்ச்சோட போய் நின்னா எவனா இருந்தாலும் கையை மெதுவா ஆக்கிடுவான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. நானா இருந்தாலும் அதான் செய்வேன்.

எனக்கு மேல இருந்தவரு ராமநாதன் சார். சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. அரைக்கை வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பென்சில், ரெண்டும் ஊசி மாதிரி சீவியிருக்கும். மெஷின்கிட்ட போனா முதல்ல தொழிலாளிக்கு வணக்கம் சொல்வாரு. "நான் ராமநாதன். இது வாட்ச். இப்ப டைம் எடுக்கப் போறேன், எடுக்கலாமா?"ன்னு கேப்பாரு. அவன் தலையாட்டுன பிறகுதான் எழுதற அட்டையை எடுப்பாரு. பின்னாடி நிக்க மாட்டாரு. ஆறடி தள்ளி, பக்கவாட்டுல, அவன் கடைக்கண்ணுக்கு நாம தெரியற மாதிரி நிக்கணும். அட்டை நெஞ்சு உயரத்துல, வாட்ச் அட்டை மேல. அந்த வாட்ச்சுல நிமிஷத்தை அறுபதா பிரிக்காம நூறா பிரிச்சிருக்கும், கணக்குக்குச் சுலபம்.

வேலைக்குச் சேந்த புதுசுல நான் ஒருநாள் அறிவாளித்தனமா ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னு ஒருத்தன் வேலையை டைம் எடுத்துட்டு வந்தேன். பாருங்க சார், யாரும் பாக்காதப்ப என்ன வேகம் போறான்னு நீட்டினேன். மனுஷன் தாளை வாங்கி நாலா கிழிச்சு என் கையிலயே குடுத்தாரு. "சொல்லாம எடுத்தா அது ஸ்டடி இல்ல, ஒட்டுக் கேக்கறது. குப்பைத் தொட்டி அந்தப் பக்கம் இருக்கு, நீயே போய்ப் போடு"ன்னாரு. போய்ப் போட்டேன்.

இப்ப கதைக்கு வர்றேன். எண்பதுகளோட நடுவுல, பிரஸ் ஷாப்புல நாலாம் நம்பர் மெஷின் ஒண்ணு. சின்னத் தகடை எடுத்து டைங்கற அச்சுக்குள்ள வெச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கணும், மேல இருந்து இன்னொரு அச்சு டங்குன்னு எறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. ஆனா நார்ம் எட்டலைன்னா எங்காளுங்க என்ன பண்ணுவாங்க? ஒரு பட்டனை ரப்பர் துண்டு வெச்சு அமுக்கிக் கட்டிடுவாங்க. அப்ப ஒரு கை ஃப்ரீ. வேகம் ஏறும். ஒருநாள் இல்ல ஒருநாள் வெரலும் போவும். பக்கத்துல ஒரு சின்ன பட்டறையில அப்படி மூணு வெரல் போனவனை எனக்கே தெரியும். டீக்கடையில எடது கையாலதான் கிளாஸ் புடிப்பான்.

நாலாம் நம்பர்ல முதல் ஷிஃப்ட்டு மாதப்பன். வேப்பனப்பள்ளிக்காரன். இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒல்லி, பெரிய மீசை. வூட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், எங்ககிட்ட தமிழ். தலை நிமிந்து பேச மாட்டான். அந்த மெஷினோட நார்ம் கம்மி, ஏத்தணும்னு மேல இருந்து பேச்சு வந்துச்சு. ராமநாதன் சார் நாள் குறிச்சாரு: கம்பெனி ஆண்டு விழா ஞாயித்துக்கெழமை, மறுநாள் திங்கக்கெழமை காலையில நாலாம் நம்பர் மறு ஸ்டடி. எடுக்க வேண்டியவன் நான்.

இந்த நேரத்துலதான் ரிக்ரியேஷன் கிளப்புக்காரங்களுக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆண்டு விழாவுல ஆம்பளைங்களுக்குப் பொம்பள வேஷம் போட்டு அழகிப் போட்டி. பேரு 'மிஸ் பிளான்ட்'. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ஆளு. முதல்ல நடந்து வரணும், அடுத்தது ஒரு கேள்விக்குப் பதில், கடைசியா அஞ்சு நிமிஷம் ஏதாவது தெறமை காட்டணும். நோட்டீஸ் போர்டுல டைப் அடிச்சு ஒட்டிட்டாங்க. வொர்க் ஸ்டடியில நாங்க இருந்ததே அஞ்சு பேரு, அதனால எங்களைக் கொண்டுபோய் பிரஸ் ஷாப்போட சேத்துட்டாங்க. பூனையையும் எலியையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுன மாதிரி. வேஷக்காரனைத் தயார் பண்ற பொறுப்பு என் தலையில. "கையில டைம் வெச்சிருக்கற ஆளு நீதானே"ன்னு நக்கல் வேற.

கேன்டீன்ல கூட்டம் போட்டோம். யாரு போறீங்கன்னு கேட்டா, ஒருத்தன் இன்னொருத்தன் இடுப்பைக் கிள்ளறான், இன்னொருத்தன் ஃபோர்மேனைக் கை காட்டறான். அந்தக் கூச்சல்ல ஓரத்துல இருந்து, "நான் போறன் சார்"னு ஒரு கொரல். மாதப்பன்.

கொல்லுன்னு சிரிச்சாங்க. விசில் வேற. அவன் சிரிக்கல.

"விளையாட்டுக்குச் சொல்றியாப்பா?"ன்னேன்.

"இல்லைங்க சார். போவணும்னு தோணுச்சு. மீசையை எடுத்துடணுமுங்களா?"

எனக்கு ஒண்ணும் புரியல. தலை நிமிராத பையன், ரெண்டாயிரம் பேரு முன்னாடி சேலை கட்டிட்டு நிக்க ஏன் கேக்கறான்? கேட்டா, "தோணுச்சுங்க"ங்கறான்.

ஒத்திகைக்கு எடம் என் வூடு. மத்திகிரியில ரெண்டு ரூம் வாடகை வூடு. நாலு ஞாயித்துக்கெழமை, காலை டிபன் முடிச்சு மத்தியானம் வரைக்கும். முதல் நாள் சரோஜா என்னைத் தனியா கூப்பிட்டு, "ஆம்பளைக்குச் சேலை கட்டி விடறதுக்கா என்னை ராயக்கோட்டையில இருந்து கட்டிட்டு வந்தீங்க?"ன்னு ஒரு மொறை மொறைச்சா. அரை மணி நேரத்துல அவளே கொசுவத்தைப் புடிச்சுகிட்டு, "மூச்சை இழு தம்பி, இப்ப வுடு"ன்னு நிக்கறா. வளையல் ஏறல, மெஷின்ல காய்ச்சுப்போன கை. சோப்பு நுரை போட்டு ஒவ்வொண்ணா ஏத்துனா. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறதுக்கு அவ இஞ்சு டேப்பைத் தேட, நான் என் ஸ்டீல் டேப்பை எடுத்து நீட்ட, திட்டு வாங்குனேன். சவுரி ஓசூர் பஜார்ல வாங்குனது, அவன் முடி நெறத்தைவிட ஒரு துளி செம்பட்டை.

ரெண்டாவது ஞாயிறு வந்தப்ப மீசை இல்ல. போட்டிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, இப்பவே ஏண்டான்னேன். "பழகணுமில்லைங்க"ன்னான். வூட்ல அவங்கண்ணன் அதுல இருந்து அவன்கூடப் பேசறதில்லையாம். அதையும் ஏதோ மழை வந்துச்சுங்கற மாதிரிதான் சொன்னான்.

அன்னிக்கு முழுசா கட்டி முடிச்சு, பீரோக் கண்ணாடி முன்னாடி நிறுத்தினா சரோஜா. அவன் பாத்துகினே இருந்தான். நான் கிண்டலா ஏதாவது சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன், வரல. ஷாப்புல எப்பவும் கூனிகினு நிக்கற தோள் ரெண்டும் தானா நேரா ஆயிருந்துச்சு. சரோஜா, "நல்லாத்தான் இருக்குது"ன்னா. அவன், "ஆமாங்கக்கா"ன்னான். எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியாம காலண்டரைப் பாத்தேன்.

நடை வந்துடுச்சு, பேச்சும் வந்துடும். தெறமைக்கு என்ன பண்றது? டேப் ரெக்கார்டர் போட்டு ஆட வெச்சேன். ஆட்டம் சுத்தமா வரல. ஸ்டூலு ஒரு பக்கம், பால் பாத்திரம் ஒரு பக்கம் உருண்டுச்சு. பாட்டு? கொரல் எழும்பல. நான் வெறுத்துப்போய் உக்காந்துட்டேன். சரோஜா ஒரு மூலையில கனகாம்பரம் கட்டிட்டு இருந்தா. அவன் பால் சிந்துனதைத் தொடைச்சுட்டு அவ பக்கத்துல போய், "குடுங்கக்கா"ன்னு நாரை வாங்குனான்.

அப்பறம் நான் பாத்ததை எப்படிச் சொல்றது! எடது கை ரெண்டு பூ எடுக்குது, வலது கை நாரைச் சுத்துது, ஒரு இழுப்பு, அடுத்தது. கண்ணு பூவைப் பாக்கவே இல்ல. வாய் சரோஜாகிட்ட மூணு பாஷையில பேசுது. "ஹூவு பேக்காக்கா? புவ்வுலு காவாலாக்கா? பூ வேணுமாக்கா? என்னா மொறைக்கிற, உங்க ஊட்டுக்காரரு வாங்கித் தர மாட்டாரா?" ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மாவே வந்து உக்காந்த மாதிரி. சரோஜா வயித்தைப் புடிச்சுகிட்டுச் சிரிக்கறா. அவங்கம்மா பூ யாவாரமாம், நாலு வயசுல இருந்து கட்டறானாம்.

என் கை தானா பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. பழக்கம், வேற என்ன! ஒரு முழம் முடிக்கறப்ப முள்ளு ஒண்ணு புள்ளி எழுபதுல நின்னுச்சு, ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நான் மனசுக்குள்ள போட்ட மார்க் நூத்தி முப்பது. இதே கைக்கு நாலாம் நம்பர்ல நான் போன வருஷம் போட்ட மார்க் எண்பது. ரெண்டுலயும் அதே வேலைதான்: எடது கை எடுக்குது, வலது கை வைக்குது.

அன்னிக்கு அவன் போனதும் சரோஜாகிட்ட பொலம்பினேன். "அங்க நடிக்கறானா, இங்க நடிக்கறானா? எதுடி வேஷம்?"

"பூ கட்டறதையும் மெஷினையும் ஒண்ணா வெக்கறீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா? பூ கையைக் கடிக்காது"ன்னா அவ. நான் அதைக் காதுல போட்டுக்கல.

மறுநாள் ராமநாதன் சார்கிட்ட சுத்தி வளைச்சு, "சார், ஒருத்தன் மெஷின்ல ஒரு வேகம், வெளியில ஒரு வேகம் இருந்தா எதை எடுத்துக்கறது?"ன்னு கேட்டேன். பென்சில் சீவிட்டு இருந்தவரு நிமிரவே இல்ல. "வெளியில இருந்ததை அவன்கிட்ட சொல்லிட்டு அளந்தியா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்கு அது தெரியாது. தெரியாததை ஏன் கேக்கற?"

அதோட விட்டிருக்கணும். எனக்குப் புத்தி அத்தோட நிக்கல. எப்படியாவது ஜெயிக்கணும், பிரஸ் ஷாப்புக்காரங்க ஒரு தடவையாவது என்னைத் தோள்ல கை போட்டுக் கூப்பிடணும்னு ஒரு நப்பாசை. அதனால நான் என்ன பண்ணேன்? மாதப்பன் நிகழ்ச்சியை எடுத்து, மெஷின் வேலையைப் பிரிக்கற மாதிரியே தாள்ல பிரிச்சேன். நாரை எடுத்தல், பூ எடுத்தல், முடிச்சு, பேச்சு, சிரிப்பு. பேச்சும் சிரிப்பும் வீண் நேரம்னு கோடு போட்டு அடிச்சேன். மேடையில ஒரு கூடை, ஒரு பலகை. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு முழம், நடுவர் மேசையில கேன்டீன் கடியாரம், கூட்டம் முடிச்சை எண்ணும். அதான் தெறமைன்னேன்.

அவன் முகம் சுருங்கிப்போச்சு. "பேசாம கட்டுனா அது பூக்காரி இல்லைங்க சார். மெஷினு."

"ஜெயிக்கணுமா வேணாமா?"

வளையலை உருட்டினான். "ஜெயிக்கணுமுங்க. ஒரு தடவை, எல்லாரும் பாக்க ஜெயிக்கணும்"னான். அப்படி ஒரு ஆசையோட அவன் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

ஆண்டு விழா அன்னிக்குச் சாயங்காலம் கம்பெனி மைதானத்துல ஷாமியானா, முன் வரிசையில ஆபீசருங்க குடும்பத்தோட. ராமநாதன் சார் கையைக் கட்டிகிட்டு உக்காந்திருந்தாரு. மத்த டிபார்ட்மென்ட்டு அழகிங்க எல்லாம் ஒரே கூத்து. ஒருத்தன் பலூன் வெச்சுகிட்டு வந்து அது வெடிச்சுப் போச்சு, ஒருத்தன் செருப்பு அந்துபோய் நொண்டுனான். ஜனங்க உருண்டு சிரிச்சாங்க. மாதப்பன் வந்தப்பவும் முதல்ல விசில்தான். ஒரு பத்தடி நடந்திருப்பான், விசில் நின்னுபோச்சு. யாரும் சிரிக்கல. என்ன பண்றதுன்னு அவங்களுக்கும் தெரியல போல. பின்னாடி ஒரு பொம்பளை கொரல், "அய்யோ, எவ்ளோ லட்சணமா இருக்குது பாரேன்"னுச்சு. எனக்கு ஏனோ கண்ணு கலங்கிடுச்சு. எதுக்குன்னு இன்னிக்கும் கேட்டா தெரியாது.

கேள்வி: "நீ ஜெயிச்சா கம்பெனிக்கு என்ன செய்வே?" அவன் கூட்டத்தைப் பாத்து, "எல்லாருக்கும் ஒரு முழம் பூ தருவேன். ஆம்பளைங்களுக்கும்"னான். கைதட்டல் அடங்க நேரமாச்சு. பெயின்ட் ஷாப்புல ஒருத்தன் நல்லா ஆடியிருந்தான், இருந்தாலும் இது நம்மளுதுதான்னு பிரஸ் ஷாப்பு மொத்தமும் எழுந்து நிக்குது. ஃபோர்மேன் என் தோள்ல கை போட்டாரு!

கடைசிச் சுத்து. பலகையில உக்காந்தான், கூடையை மடியோரம் இழுத்துகிட்டான். நான் மேடை ஓரத்துல, அவன் கண்ணுக்கு நேரா. கேன்டீன் கடியாரத்தைப் பாத்து நேரத்துக்குக் கை காட்டறேன்னு எங்களுக்குள்ள பேச்சு. நடுவர் மணி அடிச்சாரு. கை கெளம்புச்சு பாருங்க, அந்த வேகம் ஒத்திகையில கூட இல்ல! கூட்டம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சு, எண்ண முடியாம வெறும் ஓசை போட்டுச்சு. மாலை மடியில எறங்கிகிட்டே போவுது. கால் முழம், அரை முழம்.

திடீர்னு நிமிந்து என்னைப் பாத்தான். பாத்துகிட்டே இருந்தான். அடுத்த முடிச்சு எட்டிப் போச்சு. அதுக்கடுத்தது நழுவி, பூ நாலு மேடையில விழுந்துச்சு. கையா அது? நாலாம் நம்பர்ல நிக்கற கை. எடுத்து, நிதானிச்சு, வெச்சு, நிதானிச்சு. எனக்கு அந்த வேகம் மனப்பாடம். அச்சு அசல் எண்பது. ஜனங்க காமெடின்னு நெனச்சு சிரிக்க ஆரம்பிச்சாங்க. அவனும் நெத்தியில அடிச்சுகிட்டு, நாக்கைக் கடிச்சு, சிரிப்பு காட்டுனான். ரெண்டு நிமிஷம் ஆச்சு. முழம் முடியல. பெயின்ட் ஷாப்புக்காரன் கிரீடம் வெச்சுகிட்டான்.

மேடைக்குப் பின்னாடி ஓடினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "என்னாடா ஆச்சு உனக்கு? கையில இருந்ததை வுட்டுட்டியே பாவி!"

அவன் வளையலைக் கழட்டிகிட்டு இருந்தான். சோப்பு இல்லாம கழட்டறதால தோல் செவந்து போயிருந்துச்சு. நிமிராமயே கேட்டான், "உங்க கையில என்னா சார் இருந்துச்சு?"

குனிஞ்சு பாத்தேன். வலது கையில வாட்ச். கட்டை வெரல் பட்டன் மேல. எப்ப எடுத்தேன், சத்தியமா தெரியாது.

"நாளைக்கு நாலாம் நம்பர் ஸ்டடிங்க சார். அங்க நான் ஒருத்தன் மட்டும் இல்ல, மூணு ஷிஃப்ட்டு ஆளுங்க இருக்கறோம். நார்ம் ஏறுச்சுன்னா ரப்பரைக் கட்டுவாங்க. எனக்குத் தெரியும், நானும் கட்டுவேன்." அப்பறம் மெதுவா, "சேலையில இருக்கறப்ப மட்டும் என்னை யாரும் அளக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்"னான்.

"நான் அமுக்கலடா. சும்மா கையில இருந்துச்சு"ன்னேன்.

"சரிங்க சார்."

அவன் சட்டை மாத்திகிட்டுப் போயிட்டான். நான் மேடைக்குப் போய் அவன் விட்டுட்டுப் போன சரத்தைப் பொறுக்கிகிட்டேன். பஸ்ல உக்காந்து வாட்ச்சைப் பாத்தா, முள்ளு ஒண்ணு புள்ளி இருபதுல நிக்குது. ஆரம்பிச்சப்ப அமுக்கியிருக்கேன். அவன் என்னைப் பாத்ததும் திரும்ப அமுக்கியிருக்கேன். பொய் சொல்லியிருக்கேன், அது பொய்னு அப்பத் தெரியாமயே. வூட்டுக்கு வந்து அந்தச் சரத்தை ஸ்கேல் வெச்சு அளந்தேன். பதிமூணரை இஞ்சு வரைக்கும் நெருக்கமா, அழகா. அதுக்கப்பறம் முடிச்சு எட்டி எட்டி, பல்லு போன வாய் மாதிரி. சரோஜா சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிட்டா.

திங்கக்கெழமை காலையில நாலாம் நம்பர். மீசை இல்லாத முகத்தோட தலை குனிஞ்சு நிக்கறான். நான் வணக்கம் சொன்னேன், வாட்ச்சைக் காட்டினேன், எடுக்கலாமான்னு கேட்டேன். தலையாட்டினான். ஆறடி தள்ளி, பக்கவாட்டுல நின்னு முப்பது பீஸ் எடுத்தேன். ரெண்டு கையும் ஒவ்வொரு தடவையும் பட்டனுக்குப் போயி, திரும்பி வந்து, தகடு எடுத்து. அந்தக் கை எனக்கு மெதுவாவும் தெரியுது, சரியாவும் தெரியுது. நேத்து மேடையில பாத்தது ஒரு கண்ணுல, இது ஒரு கண்ணுல. மார்க் போடற கட்டத்துல பென்சில் ரொம்ப நேரம் நின்னுச்சு. நூறுன்னு எழுதினேன்.

ராமநாதன் சார் தாளை வாங்கி அந்தக் கட்டத்துலயே நிறுத்தினாரு. "நூறு?"

"ஆமாம் சார்."

"நேத்து நானும் முன் வரிசையில இருந்தேன்."

"அது பூ சார். பூ கையைக் கடிக்காது."

மனுஷன் எழுந்து ஷாப்புக்குப் போனாரு. மாதப்பனுக்கு வணக்கம் சொல்லிட்டு, வாட்ச் இல்லாம, வெறுங்கையோட ஒரு கால் மணி நேரம் அந்த ரெண்டு பட்டனையும் பாத்துகிட்டு நின்னாரு. வந்து கையெழுத்துப் போட்டாரு. நார்ம் ஏறல. நாலாம் நம்பர்ல ஒருத்தனுக்கும் வெரல் போகல. நான் எழுதுனது நெசமா, இல்ல பயந்து எழுதுனதா? போன் பண்ண அந்த இன்ஜினியர்கிட்ட இதைத்தான் சொல்ல நெனச்சேன்.

அடுத்த வருஷமும் போட்டி வந்துச்சு. நான் அவன்கிட்ட போய், "இந்தத் தடவை வாட்ச்சை டிராயர்ல வெச்சுப் பூட்டிடறேன். நீ உன் இஷ்டத்துக்குப் பேசிகிட்டே கட்டு"ன்னேன். "வேணாங்க சார், ஆவாது"ன்னான். மீசை திரும்ப வந்திருந்துச்சு. அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. எதிர்ல பாத்தா மரியாதையா சிரிப்பான். அந்தப் பேச்சை அவனும் எடுக்கல, நானும் எடுக்கல.

தொண்ணூறுகளோட கடைசியில நான் வாலன்டரி ரிட்டையர்மென்ட் வாங்கிட்டு வந்தேன். வாட்ச்சை நீயே வெச்சுக்கன்னு குடுத்துட்டாங்க. அந்த வாரம் ஞாயித்துக்கெழமை காலையில கதவு தட்டுற சத்தம். மாதப்பன். ஒரு கையில பழம், ஒரு கையில கனகாம்பரப் பொட்டலம். கட்டாத உதிரிப்பூ. "அக்காவுக்கு"ன்னான். தரையில உக்காந்து, நாரை எடுத்து அவனே கட்ட ஆரம்பிச்சான், பேசிகிட்டே, நிதானமா. பொண்ணுங்க படிப்பு, ஊர்ல மாங்கா வெளைச்சல். நான் என் கை ரெண்டையும் தொடைக்கடியில வெச்சுகிட்டு உக்காந்திருந்தேன். பத்து வெரலும் முழுசா ஓடறதையே பாத்துகிட்டு இருந்தேன்.

பாதி முழத்துல நிறுத்துனான். "சார், இப்ப நீங்க கம்பெனி ஆளு இல்ல. கேக்கலாமுங்களா? அன்னிக்கு அமுக்குனீங்களா?"

"அமுக்கினேன்டா. ஆரம்பத்துலயும் அமுக்கினேன், நீ என்னைப் பாத்தப்பவும் அமுக்கினேன். உன்கிட்ட இல்லைன்னு சொன்னேன். மன்னிச்சுக்க."

"அது தெரியுமுங்க. முள்ளு எங்க நின்னுச்சு?"

"ஒண்ணு இருபது."

"அதுவரைக்கும் எவ்ளோ கட்டியிருந்தேன்?"

"பதிமூணரை இஞ்சு. முக்கா முழம். அளந்து பாத்தேன்."

அவன் உதட்டை அசைச்சுக் கணக்குப் போட்டான். வரல போல. கடைசியில என்னைத் தலை நிமிந்து பாத்தான், மேடையில கேள்விக்குப் பதில் சொன்னப்ப கூட்டத்தைப் பாத்த அதே பார்வை.

"அப்ப, ஜெயிச்சிருப்பேன் இல்லைங்க சார்?"

"ஜெயிச்சிருப்படா. ஒண்ணு அறுபதுல முடிஞ்சிருக்கும். கிரீடம் உனக்குத்தான்."

அவன் தலையை ஆட்டிகிட்டே மிச்சப் பூவைக் கட்டி முடிச்சான். சரோஜா சரத்தை வாங்கி, அளக்காம, பல்லால கடிச்சு ரெண்டா அறுத்தா. ஒரு பாதியைத் தன் தலையில வெச்சுகிட்டா. இன்னொரு பாதியை அவன்கிட்டயே குடுத்தா. அவன் அதை வாங்கிகிட்டு, பீரோக் கண்ணாடி முன்னாடி போய் நின்னான்.